சாவி போட்டு முடுக்குகிற டிரில்

"சாவி இருக்குதே, பூட்டு எங்கப்பா?" என்று இசைவாணி ஒருமுறை கேட்டாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முந்தைய காலம் அது. அவள் அப்பா ஆரோக்கியராஜ் டிரில் மெஷினை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். மெஷினின் முன்னால், துளை போடுகிற பிட்டைக் கவ்விப் பிடிக்கிற பகுதியைச் சக் என்பார்கள். பல் வைத்த சின்னச் சாவியை அதன் ஓரத்தில் செருகித் திருகினால் பிட் இறுகிவிடும்.

"இதுக்குப் பூட்டு கிடையாது பாப்பா. கெட்டியா புடிச்சிக்கறதுக்குத்தான் இந்தச் சாவி" என்றான். அவளுக்கு அது பிடிபடவில்லை. விளையாடப் போய்விட்டாள்.

அந்தச் சாவியை அவன் ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றை ஒயரில் பிளக்குக்குப் பக்கத்தில் டேப் சுற்றி வைத்திருந்தான். சாவி வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும். கரண்டு ஓடும்போது சக்கில் கை போகாது, சாவியும் தொலையாது. அவனோடு வேலை செய்த மற்ற இருவரும் கயிற்றை அறுத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். பிறகு ஊரெல்லாம் தேடுவார்கள்.

மூவருக்கும் வேலை கொடுத்தவன் அன்புமணி. ஆரோக்கியராஜின் மனைவி பொன்னிக்கு அண்ணன். கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு சிதம்பரம் வரை வீடுகளுக்கு ஹீட்டர், அலமாரி, கைப்பிடிக் கம்பி எல்லாம் மாட்டித் தருகிற காண்ட்ராக்டு எடுத்திருந்தான். 2011 பொங்கல் கழிந்ததும் புது மெஷின்கள் வாங்கி வந்து மேசைமேல் வைத்தான்.

"இனிமே சாவி கீவி ஒண்ணும் கிடையாது. பின் வளையத்த ஒரு கையால புடி, முன் வளையத்த இன்னொரு கையால முறுக்கு. முடிஞ்சுது."

"எனக்குப் பழசே போதும் மச்சான்" என்றான் ஆரோக்கியராஜ்.

"போதுமா? சாவி தேடறதுலயே பாதி நாளு போவுது மாப்ள."

"தொலைக்கறது அவுங்க. நான் ஒண்ணு தொலைச்சிருப்பனா?"

"உனக்கு மட்டும் என்ன, கோயில் குருக்களாட்டம் இடுப்புல சாவி தொங்கணுமா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை.

அன்புமணி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மற்றவர்களுக்குப் புது மெஷினில் பிட் மாற்றுவது கண் மூடித் திறக்கிற வேலை. ஆரோக்கியராஜின் கைதான் அதற்கு ஒத்துழைக்காது. முன்பு அவன் செம்மங்குப்பத்தில் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, டிரம்மின் மூடி தெறித்து வலது கை வெந்துபோனது. கம்பெனி வேறு ஆள் கைக்குப் போயிற்று, கேட்க நாதியில்லை. தோல் வளர்ந்து மூடிக்கொண்டது. பார்த்தால் கொஞ்சம் பளபளப்பு, அவ்வளவுதான். ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தவிர மற்ற மூன்றும் உள்ளங்கையைத் தொடாது. இரண்டு விரலால் சாவியைத் திருகலாம். வளையத்தை இறுக்கிப் பிடிக்க முடியாது.

வேலையில் சேர்க்கும்போது, "கை சரியாயிடுச்சா மாப்ள?" என்று அன்புமணி கேட்டிருந்தான். "ஆயிடுச்சு" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தை இத்தனை காலம் சோறு போட்டது. இல்லை என்று இப்போது சொன்னால் சுமை தூக்கச் சொல்வான், அல்லது வீட்டில் இருக்கச் சொல்வான். இரண்டையும் நினைக்கும்போதே ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம்.

அந்த வாரமே சிதம்பரத்தில் ஞானாம்பாள் என்கிற அம்மாள் வீட்டில் வேலை. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர். கொல்லைப்புறத்துக் குளியலறையில் பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பி மாட்டவேண்டும். சுவரில் நீலப்பூப் போட்ட டைல்ஸ்.

ஆரோக்கியராஜ் மெஷினைத் தொடை இடுக்கில் வைத்தான். இடது கையால் முன் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுவிட்சை லேசாகத் தட்டினான். மோட்டார் சுற்றுகிற வேகத்தில் சக் தானே இறுகட்டும் என்று கணக்கு. செய்யக்கூடாத வேலை. வளையம் உள்ளங்கையைச் சீவிக்கொண்டு போனது. ஆனாலும் இறுகியது போலிருந்தது. கம்பிக்கான துளைகள் விழுந்தன. கடைசித் துளையில் பிட் சக்குக்குள்ளேயே வழுக்கி, சாய்ந்து, பக்கத்து டைல்ஸில் போய்க் குத்தியது. நீலப்பூவின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியது.

அந்த நேரம் பார்த்து அன்புமணி வந்து சேர்ந்தான்.

"என்னய்யா இது? புது மெஷினக் குடுத்தா புது வீட்ட ஒடச்சி வச்சிருக்கற. இதுக்கு மாடு மேய்க்கப் போயிருக்கலாம்."

கொல்லையில் நின்ற அந்த அம்மாளின் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரியும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரோக்கியராஜின் காது சிவந்தது. மெஷினைத் தூக்கித் தரையில் அடிக்கலாம் போலிருந்தது.

ஞானாம்பாள் வாக்கரை ஊன்றிக் குளியலறை வாசற்படிக்கு வந்தார். விரிசலைப் பார்த்தார். பிறகு அவன் இடது கையைப் பார்த்தார்.

"அது முன்னயே வுட்டிருந்த விரிசல் தம்பி. கொத்தனார் ஒட்டும்போதே ஆனது. இவர ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் மருமகளிடம் சொம்பை வாங்கி, "கைய நீட்டுங்க" என்றார். ரத்தம் வழிந்த உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினார்.

திட்டு வாங்கியதைவிட அந்தப் பொய்தான் ஆரோக்கியராஜைச் சுட்டது. நல்லவர்களைப் பொய் சொல்ல வைக்கிற பிழைப்பு என்ன பிழைப்பு?

கம்பியை மாட்டி முடித்துத் திரும்பும்போது அன்புமணியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தான். பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, செம்மங்குப்பம் நெருங்கியதும் அந்த வாடை வந்தது. அழுகிய முட்டையும் மருந்தும் கலந்த வாடை.

"வண்டிய நிறுத்து மச்சான்."

"இன்னாத்துக்கு?"

"நிறுத்துன்னா நிறுத்து."

சாலையோரம் நின்றார்கள்.

"அந்தம்மா சொன்னது பொய். டைல்ஸ ஒடச்சது நான்தான்."

"தெரியும். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஆரோக்கியராஜ் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். "மூடறேன் பாரு. இவ்ளோதான். இதுக்கு மேல மூடாது. உன் வளையத்த நான் எதால புடிக்கறது?"

ஒரு லாரி புழுதியோடு கடந்தது. அன்புமணி விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கும் கோபம் வந்தது.

"ஆயிடுச்சுன்னு சொன்னியே."

"இல்லன்னு சொல்லியிருந்தா சேத்திருப்பியா?"

"என்னை அப்பிடியா நெனச்சிக்கினு இருந்த இத்தினி நாளா?"

"வேற எப்பிடி நெனைக்கறது? நாலு பேரு முன்னால மாடு மேய்க்கப் போங்கற."

"கோவத்துல சொல்றதுதான். கேக்க வேண்டியதக் கேக்கறதுக்கு வாயில்ல, சண்டைக்கு மட்டும் வாய் நீளுது."

"உன் தங்கச்சிகிட்ட கத்துக்கினது."

அன்புமணி சிரிக்கவில்லை. வண்டியின் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினான். "நாளைக்கு வந்து பழசத் தூக்கிக்கினு போ. அவனுங்க புதுச வச்சிக்கட்டும். இன்னொரு தபா எங்கிட்ட மறைச்ச, நல்லா இருக்காது சொல்லிட்டேன்."

வண்டி முதுநகரை நோக்கிக் கிளம்பியது. பணிவினால் வெளிவராத உண்மை சில சமயம் கோபத்தில் வந்துவிடுகிறது. அதையும் கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்றே நம்புகிறேன்.

அன்று மாலை குடும்ப ஜெபத்தில் ஆரோக்கியராஜ், தனக்காகப் பொய் சொன்ன ஒருவருக்காக எப்படி வேண்டுவது என்று தெரியாமல், அவருடைய முழங்காலுக்காக வேண்டிக்கொண்டான்.

பழைய டிரில் மறுநாளே அவன் கைக்கு வந்துவிட்டது. வேலையும் நின்றுபோகவில்லை. ஆனால் விரிசல் அவனை விடவில்லை. போய் மாற்றித் தருகிறேன் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால், மருமகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்னால் அந்த அம்மாள் சொன்ன சொல் பொய்யாகிவிடும்.

கடலூரில் டைல்ஸ் கடை கடையாக ஏறி இறங்கினான். ஒரு கடையில், உடைந்த பெட்டிகள் குவிந்த மூலையில், அதே நீலப்பூ ஒன்று முழுதாகக் கிடைத்தது.

வீட்டில் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டு, கோயிலில் ஆனித் தேர் ஓடுகிற அன்று சிதம்பரம் போனான். தெருவே தேர் பார்க்கப் போயிருந்தது. ஞானாம்பாள் வீட்டாரும் ஆட்டோ வைத்துப் போயிருந்தார்கள். கொல்லைக் கதவுக்கு வெறும் கொண்டிதான்.

ஒயரோடு கட்டியிருந்த சாவியை எடுத்து, இரண்டு விரலால் பிட்டை இறுக்கினான். பிறகுதான் ஹீட்டருக்கான பிளக் பாயிண்டில் மெஷினைச் செருகினான். விரிசல் விட்ட டைல்ஸில் நெருக்க நெருக்கமாகத் துளை போட்டுத் துண்டு துண்டாகத்தான் எடுக்கவேண்டும். பிட் கொஞ்சம் வழுக்கினாலும் பக்கத்து டைல்ஸும் போய்விடும். வழுக்கவில்லை. பழைய சாந்தைச் சுரண்டி, புதியதை ஒட்டி, இடுக்குகளில் வெள்ளை சிமெண்டு பூசித் துடைத்தான். பூ பூவோடு சேர்ந்து நின்றது.

கம்பியைப் பிடித்துத் தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டினான். தரையில் தூசியில்லாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். கொண்டியைப் போட்டுவிட்டுச் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத தெரு வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.