உயிரோடு கேட்ட உடல்

வக்கீல் முத்தோன்யியின் அறையில் நம்போசோ உட்கார மறுத்து நின்றாள். அவள் புருஷன் வெட்டாகாவை, உகாண்டாவின் மபாலே ஊர்ச் சந்தையில் எல்லார் கண்ணெதிரே, அரசாங்க ஆட்கள் நம்பர் பலகை இல்லாத வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்தெல்லாம் எங்கே போயிற்று என்று அவன் ஊர்க்கூட்டத்தில் கேட்டிருந்தான். அதுதான் அவன் செய்த குற்றம்.

"ஹேபியஸ் கார்பஸ் போடலாம்னீங்க, சரின்னேன். இப்ப பார்த்தா 'உடலைக் கொண்டு வா'ன்னு அர்த்தங்கிறீங்க. நான் பொணத்தையா கேட்டு வந்தேன், வக்கீலம்மா?"

"லத்தீன்ல அப்படித்தான் அக்கா. உடல்னா இங்க உசுரோட இருக்கிற ஆளு. ஆரம்பத்துல இங்கிலாந்துல, கோர்ட்டுக்கு வராதவங்களை இழுத்துட்டு வரத்தான் இந்த உத்தரவு. பிற்பாடு ஜனங்க அதையே திருப்பிப் பிடிச்சுட்டாங்க. அடைச்சு வச்சவனைப் பார்த்து, ஆளைக் கொண்டு வா, எந்தச் சட்டத்துல பிடிச்சேன்னு சொல்லுன்னு."

"அப்ப அந்தக் கடைசிக் கேள்வியை நல்லா அழுத்தி எழுதுங்க."

முதல் நாள் விசாரணையில் அரசு வக்கீல், அப்படி ஒரு ஆளே தங்களிடம் இல்லை என்று கையை விரித்தார். நீதிபதி நம்பவில்லை; தேடிக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த விசாரணைக்கு, சீருடை போடாத இருவர் வெட்டாகாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கியிருந்தது.

"கேட்ட உடல் வந்துடுச்சுங்க ஐயா," என்று அரசு வக்கீல் லேசாகச் சிரித்தார்.

நம்போசோ எழுந்து நின்றாள். "போன தடவை இல்லைன்னு சொன்ன வாய்தானே இது? எங்க வச்சிருந்தீங்க? எதுக்குப் பிடிச்சீங்க?"

"உட்காரும்மா," என்றான் சேவகன். அவள் அசையவில்லை.

நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்தார். "அந்தம்மா கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். சொல்லுங்க."

அரசு வக்கீல் தாள்களைப் புரட்டினார். பிடித்ததற்கான உத்தரவு எதுவும் அவற்றில் இல்லை. வெட்டாகாவை அங்கேயே விடுவித்தார்கள்.

வீட்டில் கொழுந்தன் மெதுவாகச் சொன்னான்: "அதான் ஆளு வந்துட்டான்ல அண்ணி. இதோட விட்டுடுங்க."

நம்போசோ வெந்த மட்டோக்கே வாழைக்காயைக் குழைய மசித்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு இப்போது கடிக்க முன்பல் இல்லை.

"எதை விடறது? இவர் பல்லை உடைச்சவன் நல்லா மென்னு தின்னுட்டு இருக்கான். திங்கக்கிழமை போய் வழக்குப் போடப் போறேன்."

வெட்டாகா வலியோடு வாயைத் திறந்தான். "நானும் வர்றேன்," என்றான்.