கரிநாக்கு ஏஜென்ட்

என் வீட்டுக்காரர் வீட்டுக் காப்பீடு விற்கிறவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் பாலிசி போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன, நான் சிரித்து ஓய்ந்துவிட்டேன்.

எல்லாம் அவருடைய நாக்கு செய்த வேலை. ஒரு வீட்டுக்குப் போனால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அண்ணாந்து நாலு பக்கமும் பார்ப்பார். பிறகு அந்த வீட்டில் எது உடையும், எது எரியும் என்று நிதானமாகச் சொல்வார். பல் டாக்டர் வீட்டில் குளியலறைக் குழாய் வெடித்து மாடிப்படியில் தண்ணீர் இறங்கும் என்றார். இறங்கியது. கேக் கடைக்காரி வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பிளக்கைக் காட்டி, இது ஒருநாள் புகையும் என்றார். புகைந்தது. இரண்டு பேருக்கும் இழப்பீடு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே இவருக்குக் கரிநாக்கு என்று பட்டப்பெயரும் வந்தது. அதற்கப்புறம் வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. இவர் செருப்பைக் கழற்றும்போதே, ஐயா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

தெரு நம்பினால் நம்பட்டும். இந்த மனுஷரும் நம்ப ஆரம்பித்ததுதான் கொடுமை.

எனக்கிருப்பது பின்னறையில் மூன்று தையல் மெஷின்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகச் சேர்த்தவை, அவைதான் என் சோறு. அந்த அறைக்குத் தகரக் கூரை. அதை ஒட்டிய மொட்டைமாடி ஓரத்தில் தண்ணீர் டேங்க். அதன் இரும்புக் கால்கள் துருப்பிடித்து, டேங்க் என் கூரைப் பக்கமாகவே சாய்ந்துகொண்டு வருகிறது. சரிசெய்ய வெல்டரைக் கூப்பிட்டேன். நான் ஏணியில் நிற்கும்போது உங்கள் வீட்டுக்காரர் எதையாவது சொல்லித் தொலைத்தால் என் கதி என்ன என்று கேட்டு வர மறுத்துவிட்டான்.

சரி, பாலிசியாவது போடுங்கள் என்றேன். என்ன ஆபத்து என்று படிவத்தில் எழுதவேண்டுமாம். நாக்கு சொன்னால் என்ன, பேனா சொன்னால் என்ன, இரண்டும் பலிக்கும் என்றார். படித்த மனுஷர் பேசுகிற பேச்சா இது? ஊருக்குத்தான் உபதேசம். அதைவிட எரிச்சல், உங்கள் வீட்டுக்கு எடுத்திருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் கூசாமல், "முதல் பாலிசியே எங்க வீடுதான்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது. இன்று போடாவிட்டால் வேறு ஏஜென்ட்டிடம் போவேன், கரிநாக்கும் வெள்ளைநாக்கும் உங்கள் மூடநம்பிக்கை என்று கத்தினேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார், பையை எடுத்தார், வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு மணி அடித்தார். திறந்தேன். வாடிக்கையாளர் வீட்டில் உட்காருவதுபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பின்னறைப் பக்கம் அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, உங்க மெஷினெல்லாம் இருக்கிற ரூமுக்கு மேல ஒரு டேங்க் இருக்கு," என்றார். "அது ஒருநாள்..."

என் கை அவர் வாயைப் பொத்தியிருந்தது. எப்போது எழுந்தேன், எப்படி ஓடினேன், எனக்கே தெரியாது.

"வேண்டாங்க," என்றேன். "சொல்லாதீங்க."

உள்ளங்கைக்கு அடியில் மீசை விரிவது தெரிந்தது. சிரிக்கிறார், திருட்டு மனுஷர்.

அந்த அவமானத்தோடு, மெஷின்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படுக்கையறைக்குத் தூக்கினோம். அவர் வாயைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கடைசி மெஷினைத் தூக்கும்போது கேக் கடைக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவள் தங்கை வீடு கட்டியிருக்கிறாளாம், பாலிசி எடுக்கலாமா என்று யோசிக்கிறாளாம்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்கு எடுத்திருக்கீங்கதானே?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைக் கீழே வைத்து, இடுப்பை நிமிர்த்திக்கொண்டேன்.

"முதல் பாலிசியே எங்க வீடுதான்," என்றேன்.