கறுப்புத் துணிக்குள்ளே

நான் பயந்து சாகிறவள் என்பது நியூயார்க்கில் யாருக்கும் தெரியாது. நோரீன் சாபோ என்றால் மாடல் பெண்களை அழவைக்கிற போட்டோகிராபர் என்றுதான் பேச்சு. அன்று ஸ்டூடியோ படியில் பாதியிலேயே நின்றேன், திரும்பிப் போய்விடலாமா என்று.

கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கலங்கல். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் காணாமல் போகும், ஓரம் தெரியும். இனிச் சரியாகாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் தெரியாத போட்டோகிராபரை எவன் கூப்பிடுவான்?

அன்று எடுக்கவேண்டியது ஆர்லெட்டா பிரைனை. ஒரு காலத்தில் சினிமா ராணி. பத்திரிகை அட்டைக்கு, என்னுடைய பெரிய மரக் கேமராவில்தான் எடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. அதில் முகம் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாக விழும். தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அதைப் பார்த்து ஃபோகஸ் செய்யவேண்டும். அவர் கண் அதில் துல்லியமாக விழாவிட்டால் படம் குப்பைதான்.

வீட்டிலேயே ஒரு தந்திரம் செய்து வைத்திருந்தேன். எரிகிற விளக்கை ஓரக்கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்து, கேமராவை அப்படியே திருகி இறுக்கி, அந்த இடத்தில் ஒரு குறி போட்டு, லென்சிலிருந்து விளக்குவரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டேன். முடிச்சு வரும் இடத்தில் அவர் கண் இருந்தால் போதும். நூல் பாக்கெட்டில் இருந்தது. ஆனால் பத்திரிகை ஆசிரியர் டெஸ்மண்ட் பக்கத்திலேயே நின்றார். நூல் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்?

துணிக்குள் நுழைந்தேன். கண்ணாடியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க மேடம்."

"அவங்க அசையவே இல்லையே நோரீன்," என்றார் டெஸ்மண்ட்.

தாடை இறங்கியதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. தோராயமாகத் திருகி, சோதனைக்கு, கழுவாமல் அங்கேயே கைக்கு வந்துவிடுகிற உடனடிப் படம் ஒன்று எடுத்தேன். டெஸ்மண்ட் கைநீட்டுவதற்குள் ஆர்லெட்டா பிடுங்கிக்கொண்டார்.

"என் மூஞ்சிய முதல்ல நான்தான் பாப்பேன். மத்தவங்கல்லாம் போய் காபி குடிங்க. நோரீன் மட்டும் இருக்கட்டும்."

அறை காலியானது. படத்தை என் முன்னால் நீட்டினார். "என் கண்ணு எப்படி வந்திருக்கு?"

பார்த்தேன். புகை.

"அட்டகாசம் மேடம். அப்படியே உயிரோட இருக்கு."

"மூடியிருக்குடி கண்ணு."

பிழைப்பு முடிந்தது என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், எனக்கு வேறு தொழில் தெரியாது என்று கெஞ்சினேன்.

ஆர்லெட்டா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"என்னைப் பாத்துப் பேசு. குனிஞ்சு முணுமுணுத்தா எனக்கு எப்படிப் புரியும்?"

"மேடம்?"

"காது போயிடுச்சு. உதட்டைப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். நீ பாட்டுக்குத் துணிக்குள்ள பூந்துக்கிட்ட. எடுத்தியா, சொன்னியா, ஒண்ணும் தெரியல. பயத்துல கண்ணை மூடிட்டேன். இது வெளிய தெரிஞ்சா அப்புறம் எனக்கு எவன் வேஷம் குடுப்பான்?"

துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். கேமராவை மறுபடி பழைய குறிக்குத் திருகி இறுக்கினேன். பக்கத்தில், என் வாய் அவருக்குத் தெரியும்படி நின்றேன்.

"தாடையை இறக்குங்க."

உடனே இறக்கினார். நூலை நீட்டினேன். முடிச்சைத் தானே கண்ணோரத்தில் வைத்துக்கொண்டார். நூலின் இரண்டு முனையும் நடுங்கின.

"டெஸ்மண்ட் கதவைத் தட்டப் போறான், சீக்கிரம் எடுடி," என்றார்.

எடுத்தேன்.

படம் கழுவி வந்த அன்று டெஸ்மண்ட் போனில் கத்தினார்.

"ஒவ்வொரு இமை மயிரும் தெரியுது! உங்க கண்ணே கண்ணு! அடுத்த அட்டையும் உங்களுக்குத்தான். பாலே ஆடுறவங்க. மேடையில பறக்குறாங்க, ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க. உங்களை விட்டா வேற யாரால முடியும்?"

நூல் மேசைமேல் கிடந்தது. பறக்கிறவர்களிடம் அதை எங்கே பிடிப்பது?

"சரி," என்றேன்.