மூன்று இஞ்ச் குறைந்த சுடிதார்

1

சிரிப்பை அடக்கத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். கடையில் முதலாளி எதிரிலேயே நின்றிருந்தார், சிரிக்க முடியாது. பில் மேசைக்குக் கீழே நோட்டை விரித்து, ‘அண்ணாச்சி தைத்த சுடிதார் தாரணிக்கு முட்டிக்கு மேலே நிற்கிறது’ என்று எழுதினேன். சிரிப்பு போய்விட்டது. வாக்கியம் மட்டும் மிச்சம். அதற்கு அடுத்த வாக்கியம் என்னவென்று தெரியாமல்தான் இவ்வளவு பக்கம் ஆகியிருக்கிறது.

என் பெயர் மதுமதி. வயது பதினேழு. பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். எழுந்து பாடம் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்புறம் போகிறவள் என்ற பேச்சே வீட்டில் இல்லை. இப்போது தி.நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பள்ளிச் சீருடைக் கடையில் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவள் காலை முதல் மாலை வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கிறேன். [இந்த வாக்கியம் பிடித்துப்போய் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். இங்கேயே கிடக்கட்டும்.]

நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. நோட்டு அட்டையில் ‘பழைய அளவுகள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைத் திறந்து பார்க்க யாருக்கு ஆசை வரும்? சைதாப்பேட்டையிலிருந்து மாம்பலம் ஒரே ஸ்டேஷன். உட்கார இடம் கிடைத்தால் அதற்குள் ஒரு பத்தி எழுதலாம். கிடைக்காவிட்டால் ஒரு வரி.

2

தொடக்கம் ஒன்று: ‘அது ஒரு மே மாத மாலை. வானம் செக்கச்சிவந்து—’

வேண்டாம். எங்கள் சந்தில் வானம் தெரியாது. பேனர்தான் தெரியும்.

தொடக்கம் இரண்டு: ‘பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கும் பெற்றோரின் உள்ளம் இருக்கிறதே, அது ஒரு—’

ஒரு என்ன? யாரோ சால்வை போர்த்திக்கொண்டு மேடையில் பேசுவது போல இருக்கிறது. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

தொடக்கம் மூன்று: ‘பொன்ராஜ் அண்ணாச்சிக்குக் கண்தான் டேப்.’

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3

பொன்ராஜ் அண்ணாச்சிக்குக் கண்தான் டேப். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கட்டிங் மாஸ்டராக இருந்து, சொந்தக் கடை போட்டவர். இப்போது கத்தரி பிடிப்பது ஹபீபுர் ரஹ்மான் பாய். அண்ணாச்சி கல்லாவில் உட்காருவார். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, மே மாதக் கடைசியில், பாயை எழுப்பிவிட்டுக் கட்டிங் மேசைக்குப் போவார். மகள் தாரணியின் சீருடையை அவர்தான் வெட்ட வேண்டும்.

டேப் தொடமாட்டார். காலையில் தாரணி கை கழுவ எழுந்து போகும்போது ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான் அளவு. கடைக்கு வந்ததும் துணியை விரித்துச் சாக்குக் கட்டியால் கோடு போட்டுவிடுவார். எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை பன்னிரண்டு சீருடை. ஒன்றுக்குக்கூட ஆல்டரேஷன் வந்ததில்லை. இதைக் கேட்காத வாடிக்கையாளர் யாரும் எங்கள் கடையில் சாக்ஸ்கூட வாங்கியிருக்க முடியாது.

இந்த வருஷம் தாரணி பதினொன்றாம் வகுப்பு. பினோஃபார்ம் போய்ச் சுடிதார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வெள்ளிக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்துக்குள் தாரணி வந்து, சுடிதாரை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். வெளியே வந்தாள்.

டாப்ஸ் முட்டிக்கு மேலே நின்றது. கை மணிக்கட்டுக்கு வரவே இல்லை. பேண்ட்டைப் பார்த்தால் தண்ணீர் தேங்கிய தெருவில் நடக்கத் தூக்கிவிட்டுக்கொண்டது போல இருந்தது.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்தார்.

“துணி சுருங்கிட்டு” என்றார்.

“இன்னும் தண்ணியே படலியே அண்ணாச்சி” என்றார் ரஹ்மான் பாய், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் மேசைக்குக் கீழே குனிந்தது அப்போதுதான். முதல் வாக்கியம் பிறந்த இடம் அது. ஆனால் நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே தாரணி பேசினாள். அவள் சிரிக்கவில்லை.

“பா, திங்கக்கிழமை ஸ்கூல். நான் அங்க ஸ்டோர்லயே ரெடிமேட் வாங்கிக்கறேன். விட்டுருங்க.”

ஒரு அம்மா இருபத்தெட்டு சைஸ் சட்டை கேட்டிருந்தார். அண்ணாச்சி அவரிடம் ஒரு ஜோடி சாக்ஸை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவும் வாங்கிக்கொண்டார்.

நீங்கள் இது சின்ன விஷயம் என்று நினைக்கலாம். அண்ணாச்சிக்கு அப்படியில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெண் போட்டுக்கொண்டு போனது அவர் கை வெட்டிய துணி. இப்போது அவள் வேறொரு கடையின் அலமாரியிலிருந்து, யாருக்கோ தைத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளப் போகிறாள். அதைத் தடுக்க அவருக்கு இரண்டு நாள் இருந்தது.

4

இங்கே கதை நின்றுவிட்டது. கதையில் அண்ணாச்சி என்ன நினைத்தார் என்று எழுத வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை. ஒரு பூனைகூட இல்லை.

முதலில் இப்படி எழுதினேன்: ‘அவர் கண்கள் கலங்கின. பிஞ்சு விரல்களால் தன் சட்டையைப் பிடித்த அந்தக் குழந்தை எங்கே—’

பொய். அவர் கண் கலங்கவே இல்லை. அளந்து முடித்த பிறகு (அது பின்னால் வருகிறது) வந்த மூன்று வாடிக்கையாளரிடம், “எம் புள்ள ஒரே வருஷத்துல மூணு இஞ்ச் போட்டுட்டா சார்” என்று மார்க் சொல்வது போலச் சொன்னார். நான்காவது ஆள் “அப்படியா, ரொம்ப சந்தோஷம்” என்றதும் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இதில் என்ன சந்தோஷம் என்று கேட்டுவிட்டார். ஒரே மனுஷன், பத்து நிமிஷத்துக்குள். இவரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

தெரிந்தவர்களைக் கேட்கலாம் என்று என் அம்மாவைக் கேட்டேன். அம்மா பெயர் புஷ்பம். ஆழ்வார்பேட்டையில் இரண்டு வீட்டில் சமைக்கிறாள். சாயங்காலம் வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வளர்ந்தது உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

“இன்னாடி கேள்வி இது. கொடில நைட்டி காயுது, எது உன்து எது என்துன்னு புரீல. அன்னிக்குத் தெரிஞ்சுது.”

“சந்தோஷமா இருந்துதா?”

“ஒரு நிமிசம் இருந்துச்சு. அப்பறம் பாத்தா நல்ல நைட்டியெல்லாம் நீ போட்டுக்கினு கீற.”*

இதைவிடச் சரியாக நான் எழுத முடியாது என்பதால் அண்ணாச்சியின் மனதைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறேன்.

* ஒரு நைட்டிதான். அதுவும் அவளே கொடுத்தது.

5

இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷம் தப்பாத கண் இந்த வருஷம் ஏன் தப்பியது? வாசகர் கேட்பீர்கள். நானே கேட்டேன்.

எனக்குத் தோன்றியது இது. தாரணி போன வருஷம் பத்தாம் வகுப்பு. விடியும்போதே டியூஷன். அண்ணாச்சி கடை சாத்திவிட்டுப் போகும்போது அவள் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். சாப்பாடும் அதே மேசைக்கு வந்துவிடும். வருஷம் முழுக்க அவர் பார்த்தது உட்கார்ந்திருக்கிற பெண்ணை. மே மாதம் அவள் கை கழுவ எழுந்தபோதும் அவர் கண்ணில் அந்தப் பெண்தான் இருந்திருப்பாள். உட்கார்ந்திருப்பவளின் கால் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்?

(இதை எழுதியதும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

6

அண்ணாச்சி மகளைப் பார்த்து, “ரெடிமேட் பேச்சு வேண்டாம். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள தச்சுத் தாரேன். அளந்தே தாரேன்” என்றார். ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்தார். கடையே பார்த்தது.

ரஹ்மான் பாய் இருமினார். தாடையால் சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு பலகை. அண்ணாச்சியின் கையெழுத்து: ‘ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஊழியர் மட்டுமே அளவு எடுப்பார்.’ போன மாதம்தான் மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு அப்பா, இவள் என் பெண்தானே, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சண்டை போட்டார். ரூல்னா ரூல் சார் என்று அண்ணாச்சி அவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்.

அண்ணாச்சி பலகையைப் படித்தார். தான் எழுதியதை முதல் தடவையாகப் படிப்பவர் போல முழுதாகப் படித்தார். டேப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் கடை வழக்கம், உள்ளே அளப்பவள் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், வெளியே ஒருவர் எழுதிக்கொள்வார். என் சத்தம் திரையைத் தாண்டாது. ஆகவே நான் தாரணியிடம் சொன்னேன், தாரணி வெளியே கத்தினாள்.

“தோள் பதினாலரை.”

“பதினாலரையா? டேப்ப இழுத்துப் புடிக்கச் சொல்லு.”

“இழுத்துதான் புடிச்சிருக்கா.”

“அப்ப லூசா விடச் சொல்லு.”

கை இருபத்திரண்டு என்றபோது திரும்ப அளக்கச் சொன்னார். திரும்பவும் இருபத்திரண்டு. நான் முழு நீளத்துக்குக் குனிந்தபோது இடையிடையே இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கக்கத்தில் வைத்திருந்த நோட்டு விழுந்தது. விழுந்த நோட்டு விரிந்தது. விரிந்த பக்கத்தில் அவள் பெயர்.

நான் கை நீட்டுவதற்குள் தாரணி எடுத்துப் படித்தாள். மூன்று இஞ்ச் குறைந்த கையால் பக்கத்தைத் திருப்பினாள். தேங்கிய தண்ணீர் வரி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“என் பேர மட்டும் மாத்திடு” என்று காதருகில் சொன்னாள். “அப்பா பேர் இருக்கட்டும். அவருக்குப் புடிக்கும்.”

ஆகவே தாரணி என்பது அவள் பெயர் அல்ல. மாற்றிய பெயரை நீங்கள் ஆரம்பத்திலிருந்தே படித்துக்கொண்டு வருகிறீர்கள்.

“கடைசில என்ன ஆவுது?” என்று கேட்டாள்.

“தெரியல” என்றேன். பள்ளிக்கூடத்தில் வராத குரல் அப்போது வந்து தொலைத்தது.

“என்னம்மா தெரியல?” என்றார் அண்ணாச்சி வெளியிலிருந்து. “டேப்புல நம்பர் போட்டுருக்குல்லா?”

நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். சிரித்து முடிக்க நேரமானது. முழு நீளம் நாற்பத்தொன்று. அவர் வெட்டியது முப்பத்தெட்டு.

தாரணி எண்ணைச் சொன்னதும் அண்ணாச்சி திரும்ப அளக்கச் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

7

கட்டிங் மேசையில் புதுத் துணி. இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது கீழே மூன்று இஞ்ச் கூடுதலாக விட்டு உள்ளே மடித்துத் தைப்போம். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். மடிப்பு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்காமல் எந்த அப்பா அம்மாவும் வாங்குவதில்லை. அண்ணாச்சி தன் மகளுக்கு மட்டும் மடிப்பு வைத்ததில்லை. வருஷா வருஷம் நான் வெட்டப்போகிறேன், எனக்கு எதுக்கு மடிப்பு என்பார். அந்தச் சின்னச் சுடிதாரில் மடிப்பு இருந்திருந்தால் பிரித்துவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்திருப்போம். உங்களுக்கும் கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அண்ணாச்சி டேப் வைத்து அளந்து, நாற்பத்தொன்றில் ஒரு கோடு போட்டார். கொஞ்சம் நின்றார். பிறகு நாற்பத்துநான்கில் இன்னொரு கோடு. ரஹ்மான் பாய் அதைப் பார்த்தும் இருமவில்லை.

தாரணி மேசையில் கை ஊன்றி நின்றிருந்தாள்.

“பா, அது எதுக்கு?”

“மடிப்புக்கு. வளர்ற புள்ளல்லா.”

“வேணாம்பா. நான் இனிமே வளர மாட்டேன்.”

அண்ணாச்சி சாக்குக் கட்டியைக் கீழே வைத்தார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்று நான்கு மாதமாகக் கதவில் கோடு போட்டுப் பார்க்கிறாளாம், ஒரே இடத்தில்தான் நிற்கிறதாம். அம்மா உயரம் வந்தாகிவிட்டதாம்.

“இவ்வளவுதானா?” என்றார் அண்ணாச்சி.

“இவ்வளவுதான்பா.”

மூன்று இஞ்ச் வளர்ந்ததையே அவர் அன்றைக்குத்தான் கேட்டிருந்தார். வளர்ந்து முடித்துவிட்டாள் என்பதையும் அதே சாயங்காலத்தில் கேட்க வேண்டியதாகிவிட்டது. கத்தரியை எடுத்தார்.

8

முடிவு அ: மேல் கோட்டில் வெட்டுகிறார். திங்கட்கிழமை சுடிதார் கச்சிதமாக இருக்கிறது. கச்சிதமாக இருக்கிறதே என்று அன்று முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார். [நன்றாக இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை படிக்க முடியவில்லை. எடுத்துவிடலாமா?]

முடிவு ஆ: கீழ்க் கோட்டில் வெட்டுகிறார். தாரணி கோபித்துக்கொண்டு அதையே போடுகிறாள். இரண்டு வருஷமும் அந்தத் தடித்த மடிப்பு அவள் காலில் தட்டுகிறது. ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அப்பாவைத் திட்டிக்கொண்டே—

முடிவு இ: தாரணி ஆகஸ்டில் இன்னும் அரை இஞ்ச் வளர்கிறாள். அண்ணாச்சி கடைக்கு வருகிற எல்லோருக்கும் லட்டு கொடுக்கிறார். [இதை எழுதும்போது நான் மாம்பலத்தில் இறங்க மறந்து கோடம்பாக்கம் போய்விட்டேன். ஆகவே இதை நம்பாதீர்கள்.]

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் நான்தான் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எழுத மாட்டேன். எந்தப் பக்கம் எழுதினாலும் இன்னொரு பக்கம் பொய் ஆகிவிடுகிறது. அவர் இரண்டு கோட்டையும் மனதாரத்தான் போட்டார்.

மேல் கோடு நாற்பத்தொன்று. கீழ்க் கோடு நாற்பத்துநான்கு. உங்களில் பலருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு இல்லை. கத்தரியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்னால் வேண்டுமானால் அவளை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். எங்கேயும் போய்விடவில்லை, மேசையில் கை ஊன்றிக்கொண்டு உங்களையே பார்த்தபடி நிற்கிறாள்.