அப்பா அழுத்தும் கட்டம்

சாட்சி நாற்காலியில் உட்காரும்போது சின்னவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அது கழுத்தை இறுக்கியது. பெரியவள் பின்வரிசையிலிருந்து பார்த்தாள். சிறு வயதில் போட்டோ எடுக்கப் போனாலும் அவன் இப்படித்தான். படம் எடுத்து முடிக்கும்வரை மூச்சு விடமாட்டான்.

அவள் வேலை பார்க்கும் ஆணையம் அது. பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை நசுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. போனுக்கான செயலிகளை விற்கும் கடையைப் பற்றிய வழக்கு அங்கே வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. கடை தன் விதியை மாற்ற வேண்டும் என்ற ஆணையை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. சாட்சிகளில் தம்பியும் இருக்கிறான் என்று தெரிந்த அன்றே உறவைச் சொல்லிவிட்டாள். தலைவர் அம்மா அவளிடமிருந்து வழக்குக் கோப்பை வாங்கிக்கொண்டார். "அறைக்குள்ள இருக்கலாம். பின்னால உக்காரும்மா. வாயை மட்டும் திறக்காத" என்றார். அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்ததால் வந்த வினைதான் இவ்வளவும் என்பது அவளுக்கும் சின்னவனுக்கும் மட்டும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பாவால் பேச முடியாது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது சின்னவன் நல்ல சம்பளத்தில் இருந்தான். வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு செயலி செய்தான். திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். தண்ணீர். வலிக்குது. ஜன்னலைத் திற. தொட்டால் போன் பேசும். முதலில் இயந்திரக் குரலை வைத்திருந்தான். அது பேசியதும் அப்பா வீட்டுக்குள் யாரோ அந்நியன் புகுந்துவிட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் சின்னவன் தன் குரலிலேயே எல்லாச் சொற்களையும் பதிவு செய்தான். இதை அறிந்து வேறு குடும்பங்களும் கேட்டு வந்தன. பேச்சு வராத குழந்தைக்கு அதன் அம்மா பேசினாள். கணவனுக்கு மனைவி பேசினாள். அந்தந்த வீட்டுக் குரல் அந்தந்த வீட்டுப் போனுக்குள் மட்டும் இருந்தது.

பெரியவளின் முகத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. அப்பா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்தப் பெயரைப் பதிவு செய்ய சின்னவன் போனை வாயருகே வைத்துக்கொண்டு நாலைந்து முறை முயன்றான். பிறந்ததிலிருந்து அவன் அவள் பெயரைச் சொன்னதில்லை. "சொன்னா நாக்கு கூசுது. அடி விழுமோன்னு இருக்கு" என்றான். அவள் காதைப் பிடித்துத் திருகினாள். அந்த நேரத்தில் அவன் சிரிப்பும் வலியுமாகச் சொன்ன ஒரு சொல் பதிவானது. "அக்கா." அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். அதுவே இருக்கட்டும் என்று கை காட்டினார். அன்றிலிருந்து அவர் தன் மகளை அக்கா என்று கூப்பிட்டார்.

செயலி கடையின் வழியாகத்தான் போனுக்குள் போக முடியும். குடும்பங்கள் செயலிக்குக் கட்டும் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கைக் கடை எடுத்துக்கொண்டது. நேராக எங்களிடம் கட்டினால் விலை குறைவு என்று செயலிக்குள் ஒரு வரி எழுதக் கூடாது. அப்படி ஒரு வழி இருப்பதாக மூச்சுவிடுவதே குற்றம். ஆணையம் அதைத்தான் மாற்றப் போனது. சின்னவனும் அந்த நாளுக்காகக் காத்திருந்தான். நேராகக் கட்டுவதற்கான பொத்தானைத் தயார் செய்து செயலிக்குள் மறைத்து வைத்திருந்தான். ஒரு சுவிட்சைத் தட்டினால் எல்லாப் போனிலும் தெரியும்.

ஆணை கையெழுத்தான அன்று சாயங்காலம் பெரியவள் அலுவலகத்திலிருந்து நேராக அப்பா வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை இரு தரப்புக்கும் கொடுக்கும்வரை அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது. அவளால் முடியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று, "கையெழுத்து ஆயிடுச்சுடா. இனிமே உன் கதவை நீ திறந்துக்கலாம்" என்றாள். நாளை முதல்தான் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம், அதனால் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கோ சொன்னவள் அக்கா. அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டான். அப்பா சந்தோஷத்துக்கான கட்டத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆணை வெளியானது. கடை நீதிமன்றத்துக்கு ஓடியது. மதியத்துக்குள் ஆணைக்குத் தடை வந்துவிட்டது. ஆணைக்கு முன்பே விதியை மீறியிருந்தது ஒரே ஒரு செயலிதான். கடை அதைத் தூக்கியது. மறைத்து வைத்து ஏமாற்றியதாகச் சொல்லிச் சின்னவனின் கணக்கையும் மூடியது. ஏற்கனவே வைத்திருந்தவர்கள் போனில் அது ஓடும். போன் போனால் செயலியும் போகும், குரலும் போகும். முதல் வாரத்தில் ஒரு பெண் அழைத்தாள். பிள்ளை போனைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டான், புதுப் போனில் ஏற்ற முடியவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அவள் பேசி முடிக்கும்வரை சின்னவன் உம் கொட்டிக்கொண்டிருந்தான்.

தடை போட்ட நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கை ஆணையத்துக்கே அனுப்பியிருந்தது. இப்போது கடையின் வக்கீல் எழுந்தார். குரலில் கோபமே இல்லை.

"தம்பி, உங்களுக்கு ஒரு கடை இருக்கு. உள்ள ஒருத்தன் வந்து தன் கல்லாப்பெட்டியைத் தனியா வச்சா விடுவீங்களா?"

"விடமாட்டேன் சார். ஆனா அவன் அடுத்த தெருவுக்குப் போய்க் கடை போட்டுக்குவான். இங்க இருக்கறதே ரெண்டு கடை. ரெண்டும் ஒரே பங்குதான் கேக்குது. தெருவும் உங்களுதே. நான் எங்க போறது?"

யாரோ சிரித்தார்கள். செயலி செய்பவர்களின் சங்கச் செயலாளர் தொடையில் தட்டிக்கொண்டார். தலைவர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்ததும் அறை அடங்கியது.

"நல்லாப் பேசறீங்க" என்றார் வக்கீல். "ஒரு பெரியவர். இப்படி வெளியே போற லிங்க் ஒண்ணைத் தொட்டார். சேத்து வச்சதெல்லாம் போச்சு. நாங்க கதவைச் சாத்தி வைக்கறது அவருக்காகவும்தான்."

அது பொய்யில்லை. அந்தப் பெரியவரிடம் பெரியவளே பேசியிருக்கிறாள். அவருக்கு என்ன பாதுகாப்பு என்று ஆணையில் ஒரு பத்தி முழுக்க அவள் எழுதியதுதான்.

"ஆணை வந்தது மறுநாள் காலையில. நீங்க பொத்தானைத் திறந்தது முந்தின நாள் சாயங்காலம்." வக்கீல் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். "வரப்போகுதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சின்னவன் பதில் சொல்லவில்லை. தலைக்கு மேல் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. பெரியவள் எழுந்து நிற்கலாம். நான்தான் சொன்னேன் என்று இரண்டே சொல். வேலை போகும், போகட்டும். ஆனால் ஆணையத்துக்குள்ளிருந்தே செய்தி கசிந்தது என்றால் ஆணையும் சேர்ந்து போகும். இந்தத் தடை நீங்குமென்று காத்திருக்கிற அத்தனை பேரின் உழைப்பும் போகும். இதையெல்லாம் அவள் யோசித்தது உண்மை. முன் இருக்கையின் முதுகை அவள் பிடித்திருந்ததும், விரல்கள் அதை விட மறுத்ததும் உண்மை. சின்னவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல" என்றான் கடைசியில். "வந்துரும்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

"விதி தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் மீறினீங்க."

"ஆமா சார்."

"எதுக்கு?"

"ஆசை சார். நாலு காசு மிச்சமாகும்னு."

வக்கீல் தலைவர் பக்கம் திரும்பி இரு கைகளையும் லேசாக விரித்தார். "இவங்களை நம்பித்தான் அம்மா கதவைத் திறக்கச் சொல்றீங்க."

வராந்தாவில் சங்கச் செயலாளர் யாரிடமோ பொரிந்துகொண்டிருந்தார். "வாயில மண்ணைப் போட்டுட்டான்யா. சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தா எதிராளிக்குப் பந்தி வச்சுட்டுப் போறான்." சின்னவன் அவரைக் கடந்து வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றான். மேல் பொத்தானைக் கழற்றினான். கழுத்தில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

பெரியவள் அருகில் போனாள். "ஏண்டா உன் தலையில போட்டுக்கிட்ட?"

"வேற யார் தலையில போடச் சொல்ற?"

"காசுக்காகன்னு சொல்லிட்டியே. அதை எழுதிட்டாங்கடா. இனி அதுதான் நிக்கும்."

அவன் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"அவர் கேட்டதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் பாரு" என்றான். "எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல. உனக்காகத்தான் நிறுத்தி வச்சேன்."

அவள் கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"எந்திரிக்காததும் நல்லதுதான். எந்திரிச்சிருந்தா கேஸே ஊத்திக்கிட்டிருக்கும். கணக்குப் பாத்தா நீ செஞ்சதுதான் சரி." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "வரேன் மேடம்."

சில நாட்கள் கழித்து அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்துவிட்ட சின்னவன் அப்படியே அடுக்களைக்குப் போனான். பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. அவள் வருகிற நாளில் அங்கே எப்போதும் கழுவுவதற்குப் பாத்திரம் இருந்தது.

அப்பா கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். மடியில் போன். திரையின் ஒரு மூலை நொறுங்கிப்போய் வலிக்குது என்ற கட்டம் வேலை செய்வதில்லை. சார்ஜ் வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும். பழுது பார்க்கிறவனிடம் கேட்டாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திருப்பித் தருவேன் என்றான். வேறு போனை வாங்கி வந்தால் அதற்குள் செயலி ஏறாது. ஆணை என்றைக்காவது உயிர்பெற்று வரலாம். அதுவரை இந்தப் போன் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். வயரைச் செருகி, கட்டைவிரலால் சாய்த்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். இடது கையின் ஆள்காட்டி விரல் நடுங்கியபடி திரைக்கு மேலே நகர்ந்து அவள் முகம் இருந்த கட்டத்தில் இறங்கியது.

"அக்கா" என்றது போன். சிரிப்பும் வலியுமாக.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா மறுபடியும் அழுத்தினார். அவள் விரல் வலித்தது. விட்டால் விளக்கு அணையும். அவள் வயரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.