ரோவீனா ரிவால்வர் வாங்கிய சனிக்கிழமை

ஊரில் துப்பாக்கிக் கடை ஒன்றுதான். அடுத்ததற்கு மலையிறங்கி ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். ரோவீனாவுக்கு அதற்கும் நேரம் இருந்தது, வண்டியும் இருந்தது. இருந்தும் அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை, கூட்டம் சேரும் வேளையாகப் பார்த்து, ஹாலிஸ் கிழவரின் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று விற்பவன் டெல்மர். ஒன்பது வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன். கன்னத்தில் அவன் விட்ட ஓர் அறையில் அவளுடைய இடது காது அடைத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது.

ரிவால்வர் வாங்க அவளிடம் காரணம் இருந்தது. ஜூலை கடைசியில் ஐடஹோ மலையில் ஹக்கிள்பெர்ரி பழுக்கும்போது வருஷா வருஷம் தனியாக ஏறிப் பறிப்பவள் அவள். கரடிக்கும் அதே பழம்தான் பிடிக்கும். போன வருஷம் முன்பின் தெரியாத இரண்டு பேர் காட்டுப் பாதையில் மூன்று மைல் அவள் வண்டியை ஒட்டியே வந்தார்கள். மலையிலும் ஆகவேண்டும், ஊருக்குள் வெளியே தெரியாமல் பாக்கெட்டிலும் அடங்கவேண்டும் என்றால் சின்ன ரிவால்வர்தான் சரி. காரணம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனது அதற்காக இல்லை.

காபிப் பானை பக்கத்தில் ஹாலிஸ் உட்கார்ந்திருந்தார். அவரோடு பர்ல் என்ற மரம் வெட்டுக்காரனும் இன்னும் நாலைந்து பேரும். கல்லாவில் கேலீன். இருபத்து நாலு வயசு, ஐந்து மாத வயிறு. டெல்மரின் இப்போதைய மனைவி.

"என்ன வேணும்?" என்றான் டெல்மர், அடித்தொண்டையில்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட இப்படித்தான் பேசுவீங்களா, சார்?" என்று ரோவீனா கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எனக்கு ஒரு காது கேக்காது."

ஹாலிஸ் தலையைத் திருப்பிப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் மரியாதை குறைந்தால் அவருக்குப் பிடிக்காது. டெல்மர் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"என்ன பாக்கறீங்க, மேடம்?"

"சின்னதா ஒரு ரிவால்வர். மலைக்கும் எடுத்துட்டுப் போகணும், மளிகைக் கடைக்கும் எடுத்துட்டுப் போகணும்."

அவன் மூன்றை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தான். வேலை என்று வந்துவிட்டால் டெல்மர் கெட்டிக்காரன். பொய் சொல்ல மாட்டான். அவன் வாழ்க்கையில் பொய் சொல்லாத இடம் அது ஒன்றுதான் என்று ரோவீனா பலமுறை நினைத்ததுண்டு.

"இது அலுமினியம். பாக்கெட்ல இருக்கறதே தெரியாது. ஆனா சுட்டா உள்ளங்கைய உரிச்சிடும். நாலு தடவை சுட்டதும் பயிற்சியே வேணாம்னு தூக்கிப் போட்டுடுவீங்க. இது எஃகு. கனம் ஜாஸ்தி, அந்தக் கனமே உதையைத் தாங்கிக்கும். தோட்டாவைத் தட்டற சுத்தி உள்ளேயே மறைஞ்சிருக்கு பாருங்க, எடுக்கறப்போ துணியில மாட்டாது."

"கரடிக்கு?"

"கரடிக்கு மிளகு ஸ்ப்ரேதான் முதல்ல. அது கையில இருக்கட்டும். இது அதுக்கப்புறம்."

"சரி, ஒரு ஆளைச் சுடணும்னா?"

டெல்மர் வெல்வெட் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினான்.

"உங்க உயரம்னு வச்சுக்கோங்களேன். உங்க எடை. கொஞ்சம் குடிச்சிருக்கான். கதவை உதைச்சுட்டு உள்ள வர்றான். எத்தனை தோட்டா வேணும்?"

காபிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. பர்ல் மட்டும் மூக்கால் சிரித்தான்.

"சரியான இடத்துல பட்டா ரெண்டு போதும்" என்றான் டெல்மர்.

"சரியான இடம் எது? காட்டுங்க, சார். நான் புதுசு."

ஹாலிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்மர் ஒரு விரலைத் தன் நெஞ்சு நடுவில் வைத்தான். அவன் கழுத்துச் சிவப்பு காது வரை ஏறியது. ரோவீனா காலி ரிவால்வரைக் கையில் எடுத்து, தரையைப் பார்த்துப் பிடித்தபடி, அவன் விரல் இருந்த இடத்தையே நிதானமாகப் பார்த்தாள்.

"கரடிக்கு ஸ்ப்ரே, புருஷனுக்குத் தோட்டா!" என்று பர்ல் தொடையைத் தட்டினான். கடை கொல்லென்று சிரித்தது. ஹாலிஸ் கூடக் கோப்பைக்குள் சிரித்தார். கேலீன் சிரிக்கவில்லை. ரசீதுச் சுருளை மாற்றுவதுபோல் குனிந்துகொண்டாள்.

எஃகு ரிவால்வரையே ரோவீனா எடுத்துக்கொண்டாள். அரசாங்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். பேனாவை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக உதட்டுக்குள் வாசித்து வந்தவள், ஓரிடத்தில் நிறுத்திக் குரலை உயர்த்தினாள்.

"இது என்ன சார்? 'வீட்டு ஆளை அடிச்சதுக்காகக் கோர்ட்டுல தண்டனை வாங்கினது உண்டா?' உண்டுன்னா என்ன ஆகும்?"

"துப்பாக்கி வாங்க முடியாது."

"கையால தொடக்கூட முடியாதா?"

"முடியாது."

"அப்போ அந்த மாதிரி ஆளு துப்பாக்கிக் கடையில வேலையும் பாக்க முடியாது. அப்படித்தானே? நீங்க என்ன எழுதுவீங்க, சார்?"

"இல்லைன்னு எழுதுவேன்" என்றான் அவன். பல்லைக் கடித்திருந்ததால் சொல் நசுங்கி வந்தது.

"ஆமா, இல்லைதான். நான்தானே புகாரை வாபஸ் வாங்கினேன். பாவம், பொழைச்சுப் போகட்டும்னு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது ரோவீனாவுக்கு இன்னும் இனித்தது. ஆறு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். நிறுத்த மனசில்லை. கல்லாவுக்குப் போனாள்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு" என்றாள் கேலீன்.

"நல்லது. காதைப் பாத்துக்கோம்மா. அவன் வலது கைக்காரன், உனக்கு இடது பக்கம்தான் விழும்."

கேலீன் பெட்டியைப் பையில் போட்டு, பையின் வாயை இரண்டு மடிப்பு மடித்துக் கொடுத்தாள். "நல்ல நாளா அமையட்டும்" என்றாள், எல்லாரிடமும் சொல்வதைப்போல.

வண்டியில் ஏறி உட்கார்ந்து ரோவீனா கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். அன்று மத்தியானம் சீஸ்பர்கரும் மில்க் ஷேக்கும் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஜல்லிக் குழிக்குப் போய் ஐம்பது தோட்டா சுட்டாள். ரிவால்வர் அவள் கைக்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது. டெல்மர் சரியானதைத்தான் கொடுத்திருந்தான். அது மட்டும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ரோவீனா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆளாக உள்ளே வந்தது கேலீன். மேலுதடு வீங்கி ஊதா நிறமாகியிருந்தது. முன்பல் பாதிக்கு மேல் இல்லை.

கணினியில் ஒரு கட்டம் இருந்தது: எப்படி உடைந்தது. ரோவீனாவின் விரல்கள் அங்கே நின்றுவிட்டன.

"கார் கதவு" என்றாள் கேலீன்.

"கேலீன், நான் வந்து..."

"கார் கதவுன்னு போடுங்க. எந்தக் காது உங்களுக்குக் கேக்கும்?"

ரோவீனா வலது காதை அவள் பக்கம் திருப்பினாள். கேலீன் மேசைமேல் குனிந்து, வீங்கிய உதட்டால், மெல்லச் சொன்னாள்.

"சனிக்கிழமை ஒரு மணி நேரம் நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அங்க உங்களுக்குச் சொல்ல முடியாத பதிலையெல்லாம் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னான். ஒண்ணு விடாம."

"போலீஸ்ல சொல்லு. நான் சாட்சிக்கு வர்றேன். காது டாக்டர் சீட்டுகூட இருக்கு என்கிட்ட."

"சொன்னா அவனுக்கு வேலை போயிடும். அந்த வேலையோட இன்சூரன்ஸ்லதான் எனக்குப் பிரசவம். நீங்க அன்னைக்கு ஏன் வாபஸ் வாங்கினீங்க?"

வீட்டுக் கடன் பாக்கி இருந்தது, அவன் சம்பளம் இல்லாமல் கட்ட முடியாது. அதுதான் காரணம். அதைச் சொல்லாமல் ரோவீனா கணினித் திரைக்குத் திரும்பினாள்.

"பாவம் பாத்து இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் கேலீன். "நீ அந்தக் கேஸை நடத்தியிருந்தா அவனை அந்தக் கடைக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. நான் அங்கதானே அவனைப் பாத்தேன். உன்னாலதான் நான் அவனையே பாத்தேன்."

உள்ளே டாக்டர் கூப்பிட்டார். கேலீன் போனாள். ரோவீனா 'கார் கதவு' என்று அடித்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து கேலீன் தற்காலிகப் பல்லோடு வெளியே வந்தபோது, வாசலில் டெல்மரின் வண்டி நின்றிருந்தது. அவன் இறங்கி வந்து அவளுக்குக் கதவைத் திறந்து, இடுப்பைத் தாங்கி ஏற்றிவிட்டான். பிறகு கண்ணாடிச் சுவர் வழியாக ரோவீனாவைப் பார்த்து, இரண்டு விரலால் தொப்பியைத் தொட்டுச் சிரித்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரோவீனா ஹாலிஸிடம் போனாள். கடைக்குள் போகவில்லை, பின்பக்கம் அவர் அட்டைப்பெட்டி கிழித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், பல் கதையைச் சொன்னாள்.

"எனக்கென்ன கண் இல்லையா? தினமும் பாக்கறேனே அந்தப் பொண்ணை" என்றார் ஹாலிஸ். "ஆனா அவன் விக்கறதை வேற மூணு பேர் சேந்தாலும் விக்க முடியாது. வீட்டுக்குள்ள நடக்கறது வீட்டோட."

"அப்போ ஒண்ணும் பண்ண மாட்டீங்க?"

"பண்ணத்தான் போறேன். உனக்காக இல்ல. நீ அன்னைக்கு ஆடின ஆட்டம் ஊரெல்லாம் பரவிடுச்சு. நேத்து ரெண்டு பொம்பளைங்க அவன் நிக்கறதைப் பாத்துட்டு வாசலோட திரும்பிட்டாங்க. இனிமே அவனால எனக்கு நஷ்டம். வெள்ளிக்கிழமையோட போகச் சொல்லிடறேன், திருப்தியா?"

"கேலீன்?"

"அவளும்தான். அவளை வச்சுக்கிட்டா அவன் தினம் இங்க வந்து நிப்பான். எனக்கெதுக்கு அந்தத் தலைவலி?"

"அவளை விட்டுடுங்க, ஹாலிஸ். அவளுக்கு வேற வழியில்ல. நான் அதுக்காக வரல."

"நீ எதுக்காக வந்தேன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று அடுத்த அட்டையைக் கிழித்தார் அவர். "சனிக்கிழமை எதுக்காக வந்தேன்னும் தெரியல."

வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது.

டெல்மர் தன்னைத் தேடி வருவான் என்று ரோவீனா நினைத்தாள். வரவேண்டும் என்றுகூட நினைத்தாள். முட்டை பொரிக்கும்போதும் ரிவால்வர் அவள் பாக்கெட்டில் இருந்தது. வாசல் விளக்கைப் பெரிதாக மாற்றினாள். வண்டிச் சத்தம் கேட்டால் வலது காதை ஜன்னல் பக்கம் திருப்பி நிற்பாள். தபால்காரர் வந்தார், பக்கத்து வீட்டு நாய் வந்தது. டெல்மர் ஒரு மாதமாகியும் வரவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவளிடம் போய் மோதுவதற்கு அவனுக்கு என்ன தலையெழுத்தா? மோதுவதற்கு அவன் வீட்டிலேயே ஆள் இருந்தது.

இரண்டு முறை கேலீனுக்குப் போன் செய்தாள். முதல் முறை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை டெல்மர் எடுத்தான். அவன் மூச்சை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு அந்த அழைப்புக்கும் கேலீன்தான் அடி வாங்கியிருப்பாள் என்று வைத்த பிறகுதான் உறைத்தது. மூன்றாம் முறை போன் செய்யவில்லை.

ஜூலை கடைசியில் மலை ஏறினாள். நெஞ்சோடு கட்டிய உறையில் ரிவால்வர், இடுப்பில் ஸ்ப்ரே. பழம் அந்த வருஷம் கொட்டிக் கிடந்தது. நாற்பதடி தள்ளி ஒரு கருங்கரடி புதரை வளைத்துத் தின்றுகொண்டிருந்தது. ரோவீனா அசையாமல் நின்றாள். கரடி தலை தூக்கி அவளைப் பார்த்தது. மறுபடி பழத்துக்குத் திரும்பியது. அவள் பின்னோக்கியே நடந்து வேறு சரிவுக்குப் போய் ஒரு வாளி பறித்தாள்.

இறங்கும்போது வீட்டுக்குப் போகவில்லை. மர ஆலைக்குப் பின்னால், டெல்மரும் கேலீனும் வாடகைக்கு இருந்த, சக்கரத்தின் மேல் நிற்கும் டிரெய்லர் வீட்டுக்குப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். மன்னிச்சுக்கோ என்பதைத் தவிர எல்லாச் சொல்லும் வந்தது.

கதவு திறந்து கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரி ஓர்லா உள்ளே தண்ணீர்க் குழாயால் தரையை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் பிரிக்காத தொட்டில் பெட்டி ஒன்று, குப்பைப் பைகளோடு.

"போயிட்டாங்களே, பத்து நாளாச்சு" என்றாள் ஓர்லா. "நெவாடாவோ அரிசோனாவோ. துப்பாக்கி தெரிஞ்சவனுக்கு எங்க போனாலும் வேலைன்னான்."

"அந்தப் பொண்ணு எப்படி இருந்தா?"

"வண்டியில உக்காந்திருந்தா. கண்ணாடி ஏத்தியிருந்தது. நான் கை காட்டினேன், அவ திரும்பல. நீ யாரு, அவளுக்கு உறவா?"

"இல்ல. அவனோட பழைய பொண்டாட்டி."

ஓர்லா குழாயை அடைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, கடையில வச்சு அவனை நாறடிச்சது நீதானா? அவன் கையாலேயே அவன் நெஞ்சைக் காட்ட வச்சியாமே! பர்ல் நடிச்சே காட்டினான். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு புண்ணாயிடுச்சு. உள்ள வா, காபி போடறேன். அதை உன் வாயால ஒரு தடவை சொல்லு."

ரோவீனா வேலை இருக்கிறது என்று சொல்லி வண்டிக்குத் திரும்பினாள். திங்கட்கிழமை மருத்துவமனைக் கோப்பில் இருந்த கேலீனின் எண்ணை அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று இயந்திரம் சொன்னது. நிரந்தரப் பல் வைக்க ஆகஸ்ட் பதினாலு, பத்து மணிக்குக் கேலீன் வரவேண்டும் என்று கோப்பில் இருந்தது. அந்த நேரத்தை ரோவீனா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பதினாலாம் தேதி பத்தரை வரைக்கும் வாசலைப் பார்த்தாள். டாக்டர் வந்து, "யாரும்மா அடுத்தது?" என்று கேட்டதும், பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று அடித்துவிட்டு, காத்திருந்த கிழவரை உள்ளே அனுப்பினாள்.