அஃப்சானா எழுதாத கட்டுரை

உன் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல் என்று கணினித் திரையில் தெரிந்த நியூசிலாந்துப் பள்ளி அம்மையார் நேர்காணலில் அஃப்சானாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கேமராவில் படாத நாற்காலியில் இருந்த கலாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். மலேசியாவின் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில், வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளைத் தயார்படுத்துவது அவள் வேலை. எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஜெய்னம்பு தன் மகள் அஃப்சானாவைப் பாரிட் புந்தாரிலிருந்து ரயிலில் அழைத்து வருகிறாள். இரண்டு பள்ளிகள் மறுத்துவிட்டன. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

'என் அம்மா' என்ற தலைப்பில் அஃப்சானா எழுதித் தந்தது நாலே வரி. மறுநாளே பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. திருத்தத்தான் உட்கார்ந்தாள் கலாதேவி. எழுத எழுத வந்ததெல்லாம் அவளுடைய அம்மா செல்லாயியும், தோட்டத்து லய வீடும், விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்த கால்களும்தான். ஜெய்னம்புவோ சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக்கு மாவு பிசைகிறவள்.

"நல்லாருக்கு டீச்சர். ஆனா இது எங்க உம்மா இல்லையே," என்றாள் அஃப்சானா அன்று.

"இப்போதைக்கு மனப்பாடம் பண்ணிக்கோலா."

இப்போது அவள் ஒருமுறை கலாதேவியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, இது டீச்சர் எழுதியது, இது டீச்சருடைய அம்மா என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். கையிலிருந்த கட்டுரைத் தாளை ஓரமாக வைத்தார். அரை மணி நேரம் தருகிறேன், இங்கேயே நீயே எழுது, டீச்சர் வெளியே போகட்டும் என்றார்.

வெளியே பெஞ்சிலிருந்து ஜெய்னம்பு எழுந்தாள்.

"முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"இல்லக்கா. மறுபடி எழுதச் சொல்லிருக்காங்க. தப்பு என்னோடது. அவ கட்டுரைய நான் எழுதிட்டேன்."

ஜெய்னம்பு திட்டவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது கலாதேவிக்கு.

"அவ மொதல்ல என்னைப் பத்தி என்ன எழுதியிருந்தா?"

கலாதேவி வாயைத் திறந்தாள். அந்த நாலு வரியில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அஃப்சானா பேனாவைப் பிடித்தபடி உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெய்னம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, படம் எடுக்க நிற்பவளைப்போல அசையாமல் நின்றாள்.